கூடத்துக்கு வந்த கடல்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தேன். வழக்கமாக அந்த வீட்டு வாசற்படி ஏறும்போதே காபி மணம் வந்து வரவேற்கும். அன்று காபி மணத்தைக் காணோம். கூடத்திலிருந்து பலத்த விவாதச் சத்தம்தான் வந்தது.

உள்ளே போய்ப் பார்த்தேன். கூடத்தின் மூலையிலிருந்த நாலடி நீளக் கண்ணாடி மீன் தொட்டியைச் சுற்றி வீடே கூடியிருந்தது. தொட்டிக்குள் ஆறு தங்க மீன்கள், வெளியே நடக்கும் அமர்க்களத்தைப் பற்றிக் கவலையே இல்லாமல் வாலை விசிறிக்கொண்டிருந்தன. விவாதம் அவற்றைப் பற்றித்தான் என்பது அவற்றுக்கு எப்படித் தெரியும்?

சமாசாரம் இதுதான். என் அத்திம்பேர் உத்தியோக நிமித்தமாகச் சிங்கப்பூர் போய்விட்டு வந்திருந்தார். அங்கே ஒரு நண்பர் வீட்டில் கடல் தொட்டி ஒன்றைப் பார்த்திருக்கிறார். நீல வெளிச்சத்தில் பவளங்கள் பூத்திருக்கின்றன. அவற்றினிடையே ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட மீன்கள் ஒளிந்து பிடித்து விளையாடுகின்றன. மனிதருக்கு அன்றிலிருந்து வேறு நினைவே இல்லை.

"இதிலே என்ன பிரம்ம வித்தை இருக்கிறது? கடையிலே நாலு கிலோ உப்பு வாங்கிக் கரைத்தால் நல்ல ஜலம் கடல் ஜலமாகிறது!" என்றார் அத்திம்பேர்.

"கரண்டுக்கு யார் பணம் கட்டுகிறது?" என்று கேட்டாள் அக்கா.

"இந்த மீனையெல்லாம் கோயில் குளத்திலே விட்டுவிட்டால் புண்ணியமாவது உண்டு" என்றார் அக்காவின் மாமியார்.

அக்காவின் எட்டு வயதுப் பெண் மட்டும் ஒன்றும் பேசாமல் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "சித்தி, என் மீனெல்லாம் உப்பு ஜலத்திலே உயிரோடு இருக்குமா?" என்று மெல்லக் கேட்டாள்.

அத்தனை பெரியவர்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி! எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன். அதுவரை யாரும் உப்பு மூட்டையைத் தொடக்கூடாது" என்று தடை உத்தரவு போட்டுவிட்டு வந்தேன். புத்தகங்களைப் புரட்டினேன். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பெயர் போன கொளத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடல் தொட்டி வைத்து அனுபவப்பட்டவர்களிடம் பேசினேன். அறிந்துகொண்டவை அக்கா வீட்டுக்கு மட்டுமல்லாமல், மீன் தொட்டி உள்ள எல்லா வீடுகளுக்கும் பயன்படும் என்று தோன்றுகிறது.

வடுமாங்காய் சொல்லும் பதில்

குழந்தையின் கேள்விக்கு விடை நம் வீட்டு ஊறுகாய் ஜாடியிலேயே இருக்கிறது. வடுமாங்காயை உப்பில் போட்டால் என்ன ஆகிறது? இரண்டே நாளில் மாங்காய் சுருங்கிவிடுகிறது. ஜாடியில் ஜலம் ஊறி நிற்கிறது. உப்பு அதிகமாக உள்ள பக்கத்துக்குத் தண்ணீர் இழுக்கப்படுவது இயற்கையின் விதி.

மீனின் உடம்புக்கும் இதே விதிதான். நன்னீர் மீனின் ரத்தத்தில், அது வாழும் தண்ணீரைவிட உப்பு அதிகம். ஆகையால் வெளித்தண்ணீர் ஓயாமல் அதன் உடம்புக்குள் புகுந்துகொண்டே இருக்கிறது. அதை வெளியேற்றுவதே அதன் சிறுநீரகத்துக்கு முழு நேர வேலை. கடல் மீனின் கதை நேர் எதிர். அதன் உடம்பைவிடக் கடலில் உப்பு அதிகம். உடம்பிலுள்ள தண்ணீரைக் கடல் உறிஞ்சப் பார்க்கிறது. அதனால் கடல் மீன் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. குடித்ததிலுள்ள உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது.

தங்க மீனைக் கடல் நீரில் போட்டால் அது வடுமாங்காய் ஆகிவிடும்! மோலி என்ற சிறு மீன் போன்ற சில மட்டுமே, மெல்ல மெல்லப் பழக்கினால் இரண்டு நீரிலும் வாழும். மற்றவை மடியும். ஆகவே நன்னீர்த் தொட்டியைக் கடல் தொட்டியாக மாற்றுவது என்றால், கண்ணாடியை மட்டும் வைத்துக்கொண்டு குடித்தனத்தையே மாற்றுவது என்று அர்த்தம்.

இதைச் சொன்னதும் குழந்தையின் கண்களில் நீர் தளும்பிவிட்டது. அத்திம்பேரும் கொஞ்சம் அடங்கிப் போனார். "முதலில் தங்க மீன்களுக்கு ஒரு வீடு பார், பிறகு கடலைப் பற்றி யோசிக்கலாம்" என்று அக்கா தீர்ப்பு வழங்கினாள்.

ஊசி நூல் எடுத்த சீமாட்டி

வீட்டுக்குள் கடலைக் கொண்டு வரும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியதல்ல. அதற்கு வழி காட்டியவர்களில் இருவர் பெண்கள் என்பதை நம் சகோதரிகள் பெருமையோடு தெரிந்துகொள்ளலாம்.

முதலாமவர் ழான் வில்ப்ரோ என்ற பிரெஞ்சு மாது. தையல் வேலை செய்து பிழைத்தவர். 1816-ல் ஓர் இளவரசியின் கல்யாண உடைக்குப் பூவேலை செய்து கொடுத்துப் பெயர் பெற்றவர். மணமாகி இத்தாலியில் சிசிலித் தீவுக்குப் போனதும், கடல் பிராணிகளின் மேல் அவருக்கு அடங்காத ஆர்வம் பிறந்தது. 'ஆர்கோநாட்' என்ற எண்காலி தன் ஓட்டைத் தானே செய்துகொள்கிறதா, வேறு பிராணியிடமிருந்து திருடுகிறதா என்று பண்டிதர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1832-ல் கண்ணாடித் தொட்டி செய்து, அதில் அந்தப் பிராணியை வளர்த்துப் பார்த்து, ஓட்டைத் தானே செய்கிறது என்று நிரூபித்தார் இந்த அம்மாள்.

மற்றொருவர் ஆன்னா தின் என்ற ஆங்கிலேய மாது. அவர் கணவர் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் குருவாக இருந்தார். 1846-ல் டார்க்கி என்ற கடற்கரை ஊருக்குப் போன அம்மாள், அங்கே உயிருள்ள பவளங்களைக் கண்டு மயங்கிவிட்டார். ஒரு ஜாடியில் கடல் நீரோடு அவற்றைப் போட்டுக்கொண்டு லண்டனுக்குப் புறப்பட்டார். வழியில் அவை உருண்டு அடிபடாமல் இருக்க என்ன செய்தார் தெரியுமா? ஊசி நூலை எடுத்து, ஒரு பெரிய கடற்பஞ்சோடு சேர்த்துத் தைத்துவிட்டார்!

லண்டனில் தினமும் புதுக் கடல் நீருக்கு எங்கே போவது? நீரைத் திறந்த ஜன்னலருகே வைத்து, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றும்படி வேலைக்காரப் பெண்ணிடம் சொன்னார். நாம் காபி ஆற்றுகிறோமே, அதே மாதிரிதான். நீரில் காற்றுக் கலந்தது, பவளம் பிழைத்தது. அடுத்த ஆண்டு தொட்டியில் கடற்பாசியையும் சேர்த்தார். பாசி பிராணவாயுவைக் கொடுக்க, பிராணிகள் வாழ, தொட்டி தானே நடக்கத் தொடங்கியது. 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொது ஜனங்களுக்காக மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டதும், 1854-ல் பிலிப் ஹென்ரி காஸ் என்பவர் 'அக்வேரியம்' என்ற பெயரிலேயே புத்தகம் எழுதியதும் இதற்குப் பிறகுதான். நம் சென்னையிலும் 1909-ல் மெரினாவில் மீன் காட்சிச்சாலை ஒன்று திறந்தார்கள்.

காபி ஆற்றிய அந்தப் பெண்ணின் வேலையை இன்று மின்சார மோட்டார் செய்கிறது. மற்றபடி தத்துவம் அப்படியே இருக்கிறது.

முதலில் காலி செய்யுங்கள்

மீன்களுக்கு வேறு இடம் பார்த்த பிறகு தொட்டியைக் காலி செய்ய வேண்டும். செடிகள், மரக்கட்டை, பழைய கூழாங்கல் எல்லாம் வெளியே போகட்டும். மரக்கட்டை நீரில் புளிப்பை ஏற்றும். கடல் நீருக்கோ காரத்தன்மை வேண்டும். தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள். வினிகரும் நல்ல தண்ணீரும் போதும்.

மிக முக்கியமான ஒரு கேள்வி: இந்தத் தொட்டியில் எப்போதாவது மீன் நோய்க்குத் தாமிரம் கலந்த மருந்து போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் எச்சரிக்கை. தாமிரத்தின் மிச்சம் கல்லிலும் மூலை ஒட்டுப் பசையிலும் தங்கிவிடும். மீன் அதைத் தாங்கினாலும் இறால், நத்தை, நண்டு தாங்கா. அப்படிப்பட்ட தொட்டியைத் தங்க மீனுக்கே விட்டுவிடுவது உத்தமம். மூடியில் இரும்பு ஆணி, கீல் இருந்தாலும் மாற்றுங்கள். உப்புக் காற்று ஒரு மாதத்தில் துருப்பிடிக்க வைத்துவிடும்.

தொட்டியின் கனத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 250 லிட்டர் பிடிக்கும். தண்ணீர், கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 300 கிலோவைத் தாண்டும். பழைய மேஜை மேல் வைத்து விஷப் பரீட்சை செய்ய வேண்டாம்.

உப்பும் லாக்டோமீட்டரும்

இப்போது அத்திம்பேரின் நாலு கிலோ உப்புக்கு வருவோம். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. 250 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 9 கிலோ! அதுவும் சமையல் உப்பு உதவாது. கடல் உப்பில் 100 பங்கில் சுமார் 85 பங்குதான் நாம் சாப்பிடும் உப்பு. மீதியில் மக்னீஷியம், கால்ஷியம், பொட்டாஷியம் முதலியவை இருக்கின்றன. அவை இல்லாமல் கடல் உயிர் வாழாது. இதற்கென்றே எல்லாம் சரியான அளவில் கலந்த கடல் உப்பு கடைகளில் கிடைக்கிறது.

தண்ணீரும் நல்லதாக வேண்டும். நம் குழாய்த் தண்ணீரில் க்ளோரின் இருக்கும். கிணற்று நீரில் வேறு உப்புகள் இருக்கும். இப்போது பல வீடுகளில் ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திரம் இருக்கிறது. அந்த நீர் தேவலை. அதிலிருந்து வீணாக வெளியேறும் தண்ணீரைத் தரை துடைக்க எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2019-ம் ஆண்டுக் கோடையில் ஒரு குடம் தண்ணீருக்கு லாரியின் பின்னால் ஓடியதைச் சென்னைவாசிகள் மறக்க முடியுமா?

உப்பைத்தான் தண்ணீரில் கொட்ட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்ஷியம் பிரிந்து வெள்ளையாகப் படிந்துவிடும். கரைந்த பிறகு அளந்து பார்க்க வேண்டும். பாலில் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க லாக்டோமீட்டர் இருக்கிறதல்லவா? அதே போல உப்பு நீரின் அடர்த்தியைப் பார்க்கவும் கருவி உண்டு. அது 1.025 காட்ட வேண்டும். வெப்பம் 25, 26 டிகிரி இருப்பது நல்லது.

இங்கே புதிதாக ஆரம்பிப்பவர்கள் செய்யும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். தினமும் தொட்டியில் இரண்டு மூன்று லிட்டர் ஆவியாகிக் குறையும். குறைந்த இடத்தில் உப்பு நீரை ஊற்றினார்களோ, போச்சு! ஆவியாவது தண்ணீர் மட்டும்தான்; உப்பு உள்ளேயே நிற்கிறது. ரசம் சுண்டினால் உப்புக் கரிப்பதில்லையா? வெறும் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்கள்

தண்ணீர் தயார், மணல் தயார், கல் தயார். உடனே மீனை விடலாமா? கூடாது. இந்தக் கட்டத்தில்தான் நிறைய மீன்கள் உயிரை விடுகின்றன.

மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. அது விஷம். கடல் நீரின் காரத்தன்மையில் அதன் கொடுமை இன்னும் அதிகம். இயற்கையில் ஒருவகை நுண்ணுயிர் அந்த அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் விஷம்தான். இன்னொரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அது அவ்வளவு கெடுதல் இல்லை. அவ்வப்போது தண்ணீர் மாற்றினால் போய்விடும். நன்னீர்த் தொட்டியில் குடியிருந்த நுண்ணுயிர்கள் உப்பு நீரில் நிலைக்கா. எனவே புதுக் குடித்தனக்காரர்கள் வந்து கல்லிலும் மணலிலும் குடியேறும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு துண்டு இறாலைத் தொட்டியில் அழுகவிட்டு அவர்களுக்கு விருந்து வைப்பார்கள். நாலு வாரம் முதல் ஆறு வாரம் வரை பிடிக்கும். நிறம் மாறும் சொட்டு மருந்துகளால் சோதித்துப் பார்த்து, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று தெரிந்த பிறகே மீன்.

இந்தக் குடியேற்றத்துக்கு ஓட்டைகள் நிறைந்த கல் மிகவும் உதவும். இந்தோனேஷியாவில் லீ சின் எங் என்பவர், உயிருள்ள பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்தே கடல் தொட்டியை நடத்திக் காட்டி, 1961-ல் அமெரிக்க மீன் பத்திரிகை ஒன்றில் எழுதினார். இன்றைய பவளத் தொட்டிகளுக்கெல்லாம் அது பிள்ளையார் சுழி. இப்போது கடலிலிருந்து பாறையைப் பெயர்க்காமல், சிமெண்டாலும் சுட்ட மண்ணாலும் செய்த கற்களே கிடைக்கின்றன.

இன்னொரு சாதனம் நுரை எடுக்கும் கருவி. கடற்கரையில் அலை ஒதுக்கும் நுரையைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல நுண்ணிய காற்றுக் குமிழிகளை எழுப்பி, அவற்றில் ஒட்டும் அழுக்கை ஒரு கிண்ணத்தில் சேர்த்துவிடுகிறது. உப்பு நீரில்தான் இது நன்றாக வேலை செய்யும்.

அத்திம்பேருக்குப் பொறுமை என்பது ஜாதகத்திலேயே கிடையாது. இரண்டாவது வாரமே அலுவலகத்திலிருந்து வரும் வழியில் நீல நிறக் குட்டி மீன் ஒன்றை வாங்கி வந்து விட்டுவிட்டார். மூன்றாம் நாள் காலை அது பாறை இடுக்கில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. குழந்தை அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. அத்திம்பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகு ஆறு வாரம் முடிகிறவரை மீன் கடைப் பக்கமே அவர் போகவில்லை.

மனைவி சொல்லே மந்திரம்

ஆறு வாரம் முடிந்தது. இரண்டு கோமாளி மீன்கள் வந்து சேர்ந்தன. 2003-ல் வந்த நீமோ படத்தில் குழந்தைகள் பார்த்துக் குதூகலித்த அதே ஆரஞ்சு மீன்தான். கடலில் பிடிக்காமல் தொட்டியிலேயே பொரித்த குஞ்சாகப் பார்த்து வாங்க வேண்டும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் இந்த மீனைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்து வெற்றி கண்டிருக்கிறார்கள்.

கோமாளி மீன் குடும்பத்தில் பெண்தான் ராணி. உருவத்திலும் அவளே பெரியவள். முட்டையைக் காவல் காப்பது, விசிறிக் காற்றோட்டம் தருவது எல்லாம் புருஷனின் பொறுப்பு. ராணி இறந்துவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? அந்தப் புருஷனே பெண்ணாக மாறிச் சிம்மாசனம் ஏறிவிடும்! இதைக் கேட்டதும் அக்கா அத்திம்பேரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் கவனமாகப் பத்திரிகை படிக்க ஆரம்பித்துவிட்டார்.

மீன் வாங்கி வந்தால் பையோடு கவிழ்க்கக் கூடாது. தொட்டி நீரைச் சிறு குழாயால் சொட்டுச் சொட்டாகப் பை நீரில் கலந்து பழக்க வேண்டும். வசதியிருந்தால் தனித் தொட்டியில் சில வாரம் வைத்து, வெள்ளைப் புள்ளி நோய் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

பவளம் எங்கே?

இனி, அத்திம்பேரை மயக்கிய பவளத்தின் கதை. இங்கேதான் நான் அவரிடம் கண்டிப்பாக இருந்தேன்.

பவளம் கல்லும் அல்ல, செடியும் அல்ல. குண்டூசித் தலையிலிருந்து பல அளவுகளில் உள்ள சிறு பிராணிகள் கூட்டமாக வாழ்ந்து, சுண்ணாம்பால் தமக்குக் கட்டிக்கொள்ளும் மாளிகை. அந்தப் பிராணியின் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் சமைத்து, வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டில் பெரும்பகுதியை வாடகையாகக் கொடுக்கிறது! தண்ணீர் வழக்கத்துக்கு மேல் ஓரிரு டிகிரி சூடேறிச் சில வாரம் நீடித்தால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்து, பட்டினியால் மடியும். நம் மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இந்தக் கோரம் நடந்திருக்கிறது. (மாலையில் கோக்கும் சிவப்புப் பவழம் வேறு ஜாதி, மத்தியதரைக் கடலில் எடுப்பது.)

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி நம்முடைய பவளப் பாறைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அவற்றை வண்டி வண்டியாக வெட்டிச் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பயன்படுத்தினார்கள். அந்தத் தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கியே போய்விட்டன. 1986-ல் அந்தப் பகுதி கடல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. 2001-ல் பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை 1972-ம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் கொடுத்த அதே பாதுகாப்பு. கடல் குதிரைக்கும் கடல் அட்டைக்கும்கூட உண்டு. மீறினால் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பவளத் தொட்டி வைப்பவர்கள், ஒருவர் தொட்டியிலுள்ள பவளத்திலிருந்து சிறு துண்டு வெட்டி, பசையால் ஒட்டி, மற்றொருவர் தொட்டியில் வளர்க்கிறார்கள். மல்லிகைக் கொம்பு ஒடித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது போல. அங்குள்ள சட்டம் வேறு. இதே கைத்திறனைக் கொண்டு, தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் மன்னார் வளைகுடாவில் சிமெண்டுச் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டி நட்டு வளர்த்துவருகிறார்கள்.

ஒரு கடையில் அத்திம்பேருக்கு, காகிதத்தில் சுற்றிய வாளியைத் திறந்து ஒரு பவளத் துண்டைக் காட்டினார்களாம். "ராத்திரிதான் வந்தது சார், யாருக்கும் சொல்லாதீங்க" என்றார்களாம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னவர், "நல்ல வேளை, ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்ததே!" என்று பெருமூச்சு விட்டார். ஜெயில் இருக்கட்டும். அந்தத் துண்டு எந்தத் தீவின் அடியிலிருந்து உடைக்கப்பட்டதோ, அங்கே எத்தனை மீன் குஞ்சுகளுக்கு வீடு போயிற்றோ என்பதுதான் என் மனத்தை உறுத்தியது. அக்கா வீட்டுத் தொட்டியில் இன்று பாறை இருக்கிறது, மீன் இருக்கிறது, நத்தைகள் இருக்கின்றன. பவளம் இல்லை.

குளத்தில் விட்டால் புண்ணியமா?

பாட்டியின் யோசனையையும் தள்ளாமல் விசாரித்தேன். தொட்டி மீனைக் குளத்திலோ ஏரியிலோ விடவே கூடாது என்கிறார்கள் அறிந்தவர்கள். 'டேங்க் கிளீனர்' என்று சொல்லி வாங்கும் கருப்பு உறிஞ்சு மீனை யாரோ இப்படிப் புண்ணியத்துக்கு விட்டதன் பலனை நம் ஊர் ஏரி மீனவர்கள் அனுபவிக்கிறார்கள். வலையில் அதுதான் விழுகிறது, வலையையும் கிழிக்கிறது. கடலுக்கும் இதே கதி உண்டு. இந்து, பசிபிக் மாகடல்களைச் சேர்ந்த சிங்க மீன், 1985-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாக் கரையில் தென்பட்டது. தொட்டியிலிருந்து விடப்பட்டது என்பதே பொதுவான கருத்து. இன்று அது அங்குள்ள கடலில் பெருகி மற்ற மீன் குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறது.

அப்படியானால் ஆறு தங்க மீன்களுக்கும் என்ன வழி? கொல்லையில் மாமரத்து நிழலில் உபயோகமில்லாமல் கிடந்த பழைய சிமெண்டுத் தொட்டி நினைவுக்கு வந்தது. பல வருஷம் மழையில் ஊறியதால் சுண்ணாம்புக் காரம் போய்விட்டிருந்தது. அதைத் தேய்த்துக் கழுவி, பூனைக்கும் காக்கைக்கும் எட்டாமல் மேலே வலை கட்டினார்கள். தங்க மீன் நன்றாக வைத்துக்கொண்டால் பத்து வருஷத்துக்கு மேலும் வாழும். ஆகவே இது அவசரத்துக்குச் செய்த ஏற்பாடாக இருக்கக் கூடாது. கொசுப் புழுவைத் தின்று அவை இப்போது முன்னைவிடக் கொழுத்திருக்கின்றன. தினமும் பொரி போடும் உரிமை குழந்தைக்கு; கணக்கு வைக்கும் பொறுப்பு பாட்டிக்கு.

வீட்டுக்காரி தெரிந்துகொள்ள வேண்டியது

ஆசைப்படும் சகோதரிகளுக்குச் சில விஷயங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். நாலடித் தொட்டிக்கு 25 லிட்டர், அதற்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக உப்பு. சித்திரை, வைகாசியில் தண்ணீர் சூடேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீரின் மேல் சிறு மின்விசிறி ஓடினால் இரண்டு டிகிரியாவது குறையும். அதற்கு மேல் வேண்டுமென்றால் குளிரூட்டும் இயந்திரம், அதற்கேற்ற மின்சாரச் செலவு. மின்சாரம் நின்றால் காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும்.

உப்பு நீரும் மின்சாரமும் ஜன்ம விரோதிகள். ஒயர்கள் பிளக்குக்குப் போகுமுன் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். அப்போதுதான் ஒயர் வழியே வழியும் நீர் பிளக்கில் போகாமல் கீழே சொட்டும். வீட்டில் மின் கசிவு வெட்டும் சாதனம் கட்டாயம். கையை விடுமுன் சுவிச்சை அணைப்பது இன்னும் கட்டாயம்.

முதல் இரண்டு மூன்று மாதம் மணலெல்லாம் பழுப்புப் படியும், பிறகு பச்சைப் பாசி மண்டும். பயந்து போய்த் தொட்டியை விற்றுவிடாதீர்கள். நத்தைகள் மேய்ந்து சரிப்படுத்தும். தைப் பொங்கலுக்கு அக்கா வீட்டுத் தொட்டி தெளிந்துவிட்டது.

போன வாரம் மறுபடியும் அங்கே போனேன். பாட்டி நாற்காலியைத் தொட்டி எதிரே போட்டுக்கொண்டு ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். கோமாளி மீன்கள் பாறை மறைவிலிருந்து அவரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"சித்தி, நிஜப் பவளம் பார்க்க வேண்டுமே?" என்றாள் குழந்தை.

"கோடை விடுமுறைக்கு ராமேசுவரம் போகிறோம். வழியிலே மண்டபம். கடலுக்குள்ளே அது அதன் வீட்டிலேயே இருக்கட்டும், நாம் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்" என்றார் அத்திம்பேர். போன ஆண்டு உப்பு மூட்டை வாங்கக் கிளம்பிய அதே மனிதர்!

அன்று வாசற்படி ஏறும்போதே காபி மணம் வந்தது. ஆனால் என்ன பிரயோஜனம்? எல்லோரும் மீன்களைப் பார்த்துக்கொண்டே நின்றதில் காபி ஆறிப்போய்விட்டது.